வால்வைச் சரிவாக விடுங்கோ

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் குளிர்காலத்தில், முதல் உறைபனி விழுந்த காலையில், என் வீட்டு ஸ்பிரிங்ளர் குழாய் வெடித்தது.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மெல்பேணுக்கு வந்த நாள் முதலாக நான் செய்த தொழில், மற்றவர்கள் வீட்டு ஸ்பிரிங்ளர் குழாய்கள் குளிரில் வெடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான். கோடையில் பூட்டுவோம், திருத்துவோம். ஏப்ரல் வந்தால் வீடு வீடாகப் போய்க் குழாய்களில் நிற்கும் தண்ணீரை வடித்து, வெளியே தெரியும் குழாய்க்கு உறை போட்டு, தோட்டத்தை நித்திரையாக்கிவிட்டு வருவோம். பொயிண்ட் குக், ஸ்பிரிங்வேல் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய காரியமாகத் தெரியாது. ஆனால் நகரத்தை விட்டு வடமேற்கே ஏறிப் பாருங்கள். நான் இருக்கும் சன்பரியிலும் அதற்கு மேலே வூட்எண்ட் மலைப்பக்கத்திலும் யூன் மாதக் காலையில் புல் வெள்ளை வெளேரென்று கிடக்கும். குழாய்க்குள் நின்ற தண்ணீர் கட்டியாகிப் பருத்துப் பித்தளையையே பிளந்துவிடும். வெயில் ஏறிக் கட்டி உருகிய பிறகுதான் பிளந்த சங்கதி வீட்டுக்காரருக்குத் தெரியவரும்.

எனக்கு என் மனைவி வசந்தி சொல்லித் தெரியவந்தது. தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றவள், குசினி யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, உங்கட தோட்டத்துக்குள்ள பூங்கா மாதிரி ஒரு நீரூற்று வந்திருக்கு. வடிவாத்தான் கிடக்கு. நீங்களோ வைச்சனீங்கள்?"

நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு ஓடினேன். வெளிவாசலில் நிலத்துக்கடியில் இருக்கும் பிரதான அடைப்பு வால்வைக் குனிந்து பூட்டுவதற்குள் முழுக்க நனைந்துவிட்டேன். பிறகு, வெட்கத்தை விட்டு, நான் வேலை பார்த்த இடத்துக்கே போன் எடுத்தேன். என் இடத்தில் இப்போது இருப்பவள் ஹர்ப்ரீத் என்ற பஞ்சாபிப் பெண். வந்தாள், வெடித்த வால்வின் முன் குந்தியிருந்தாள், பிளந்த இடத்தை விரலால் தடவினாள்.

"அங்கிள், இந்த வால்வை யார் இப்படி முழுக்கப் பூட்டியது?"

"போனிலே ஒரு அப் இருக்கு. அதுதான் எல்லாம் செய்யும் என்று மகன் போட்டுத் தந்தான். பனித்துளிப் படம் போட்டு, உங்கள் தோட்டம் உறங்குகிறது என்று எழுதியும் காட்டியது."

"அப்புக்குக் கை இல்லை, அங்கிள்."

கை உள்ள ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். முழங்கால் வலிக்கிறது என்று குனிந்து நிலத்தடி அடைப்பைப் பூட்டாமல், நின்றபடியே கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டிப் பூட்டிவிட்டுப் போனவனும் நான்தான். ஹர்ப்ரீத் பிளந்த பித்தளையைப் படம் எடுத்து, வேலை செய்யும் கந்தோர் ஆட்களின் போன் குழுவுக்கு அனுப்பினாள். அந்தப் படத்தின் கீழே வந்த சிரிப்பு முகங்களை நான் எண்ணவில்லை.

போகும்போது ஒன்று கேட்டாள். "வெள்ளிக்கிழமை புதிய ஆட்கள் வருகிறார்கள். வால்வை ஏன் சரிவாக விடவேண்டும் என்று நீங்கள் வந்து சொல்லுங்கள். நான் சொன்னால் ஓம், ஓம் என்று தலையாட்டுகிறார்கள். அந்த ஓமில் எனக்கு நம்பிக்கை இல்லை."

ஆங்கிலத்தில் பகிடி சொன்னால் நான் சிரித்து முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு விளங்கும். ஆகையால் வெள்ளிக்கிழமை சொல்லப்போவதை முதலில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். ஓம் என்ற சொல்லை நம்பக்கூடாது என்பதில் என்னளவுக்கு அனுபவம் உள்ள ஆள் இந்தக் கண்டத்தில் கிடையாது.

நான் இந்த வேலைக்கு வந்ததே ஒரு ஓமினால்தான். யாழ்ப்பாணத்தில் சங்கக்கடையில் கிளார்க்காக இருந்தவன் நான். குழாய் என்றால் வாய் வைத்துக் குடிப்பது என்பதற்கு மேல் தெரியாது. இங்கே வந்த புதிதில் ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, கால்சட்டை முழுக்கச் சேறு, மேசையில் கால் போட்டபடி, ஸ்பிரிங்ளர் வேலை தெரியுமா என்று கேட்டா. ஓம் என்றேன். கடவுள் சத்தியமாக நான் நினைத்தது பூவாளியை. கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் தெளிக்க ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைக்கிற நாடு, நல்ல நாடு என்று மனதுக்குள் வாழ்த்தினேன்.

அந்தப் பெண்மணிதான் டெனிஸ். என் முதலாளி. பலராட் பக்கத்துக் குளிரில் பிறந்து வளர்ந்தவ. தில்லைநாதன் என்ற என் பெயர் நீளமென்று முதல் நாளே 'டில்' என்று வெட்டினா. இந்த நாட்டில் அப்படிச் சொன்னால் மடையன் என்று பொருள் என்பதை வேறொருவர் சொல்லி நான் அறிந்தபோது பெயர் வேலைச்சட்டையில் தைத்தாகிவிட்டது. கழற்றவில்லை. பொருத்தமாகத்தான் இருந்தது.

டெனிஸ் பேசியதை எங்கள் தமிழிலேயே தருகிறேன். அவவுடைய குரலுக்கு அது நன்றாகப் பொருந்தும். கோபம் வந்தால் கத்தமாட்டா. 'ரைட்டோ' என்று மட்டும் சொல்லிவிட்டு, வான் வண்டிக்குப் போய்ப் பிஸ்கற் பெட்டியை எடுத்துவந்து நீட்டுவா. புதிதாக வந்தவர்கள் நல்ல மனுசி என்று நினைத்து எடுத்துத் தின்பார்கள். நான் முதல் வருடம் தின்ற பிஸ்கற்றுகளுக்கு எனக்குச் சீனி வியாதி வராதது அதிசயம்.

வேலையில் மட்டும் அவவுடைய ஒழுங்கு கோயில் பூசை ஒழுங்கு. முதலில் நிலத்துக்கடியில் உள்ள பிரதான அடைப்பு. அதைப் பூட்டாமல் வேறெதிலும் கை வைக்கக்கூடாது. பிறகு நேரம் பார்த்துத் தண்ணீர் விடும் மணிக்கூட்டுப் பெட்டி. அதன் வயரைப் பிடுங்கக்கூடாது, மழைக்கால நிலையில் போட்டுவிட வேண்டும். பிறகு தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகத் திறந்து, உள்ளே அழுத்தம் இறங்கும்வரை நிற்க வேண்டும். பழைய ஸ்குருடிரைவரின் நுனியை வால்வில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, வைத்தியர் நெஞ்சைப் பார்ப்பது போல் கேட்பா. உள்ளே தண்ணீர் நடமாடுகிறதா என்று அந்தச் சத்தத்தில் தெரியும். கொம்பிரசரால் காற்று அடிப்பது கடைசியில்தான். அதுவும் மெதுவாக, விட்டுவிட்டு. ஸ்பிரிங்ளர் தலையால் தண்ணீர் நின்று புகை மாதிரி வந்தால் உடனே நிறுத்த வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு வெளியே தெரியும் பித்தளை வால்வுகளின் கைப்பிடிகளைப் பூட்டவும் கூடாது, முழுக்கத் திறக்கவும் கூடாது. பாதியில், சரிவாக விட வேண்டும்.

ஏனென்றால் அந்த வால்வுக்குள் இருப்பது துளை போட்ட ஒரு குண்டு. முழுக்கப் பூட்டினால் துளைக்குள் ஒரு வாய்த் தண்ணீர் சிறைப்படும். முழுக்கத் திறந்தால் குண்டைச் சுற்றிக் கொஞ்சம் நிற்கும். சரிவாக விட்டால்தான் எல்லாம் வடியும். ஒரு வாய்த் தண்ணீர் போதும் பித்தளையைப் பிளக்க.

இதையெல்லாம் டெனிஸ் எனக்குச் சொல்லித் தந்தா. ஒவ்வொன்றுக்கும் பிறகு "விளங்கிச்சோ?" என்று கேட்டா. நான் ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றேன். எங்கள் ஆட்களில் யார் முதலாளியிடம் விளங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்? அது மரியாதைக் குறைவு அல்லவா?

அந்த மரியாதையின் பலன் முதல் குளிர்காலத்திலேயே தெரிந்தது. வெளியே நிற்கும் குழாயைக் குளிருக்குச் சுற்றிவிட்டு வரச் சொல்லி என்னை ஒரு வீட்டுக்கு அனுப்பினா. சுற்ற வேண்டியது நுரையால் செய்த உறையினால் என்று சொல்லித்தான் இருந்தா. நான் விளங்காமலே ஓம் சொல்லியிருந்தேன். ஆகையால் எனக்குத் தெரிந்தபடி, வானில் கிடந்த என் பழைய கட்டம் போட்ட சாரத்தைக் குழாய்க்குச் சுற்றி, இடுப்பில் கட்டுவது போல் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன். சாரம் மழையைக் குடித்தது. குடித்த மழை பனியில் இறுகியது. சும்மா விட்டிருந்தால் தப்பியிருக்கக்கூடிய குழாய், ஈரச் சாரத்துக்குள் கிடந்து பிளந்தது. அதற்கு முதலே வீட்டுக்காரக் கிழவி போன் எடுத்து, தன் பூப்பாத்திக்குள் பாவாடை கட்டிய ஒரு கட்டை ஆள் அசையாமல் நிற்கிறான், பொலிசுக்குச் சொல்லட்டோ என்று கேட்டிருக்கிறா.

டெனிஸ் பிஸ்கற் தரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வானின் பின்கதவில் உட்கார்ந்து, சாரத்தைப் பிழிந்து தண்ணீரை நிலத்தில் விட்டா.

"டில், உன்னட்டை நான் விளங்கிச்சோ எண்டு கேட்டது என்ர பிழை. இனிக் கேக்கமாட்டன். செய்து காட்டு எண்டுதான் சொல்லுவன்."

அன்றிலிருந்து ஓம் என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியையும் அவ என்னிடம் கேட்கவில்லை. "முதல்ல எதைப் பூட்டுவாய்?" "காத்து அடிக்கேக்கை எங்கை நிப்பாய்?" "ஏன்?" இப்படித்தான். நான் வேலை பழகியது அந்தக் கேள்விகளால்தான். சாரத்தைக் காயவைத்துக் கந்தோர்ச் சுவரில் மாட்டிவைத்தா. அவ வேலையை விட்டுப் போகும்வரை அது அங்கே தொங்கியது.

இனி ஞானம் அண்ணர் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நான் வேலையில் கொஞ்சம் பெரிய ஆளாகி, ஒன்றும் தெரியாது என்பது எனக்கே மறந்துபோயிருந்த காலம் அது.

ஞானம் அண்ணரும் புஷ்பம் அக்காவும் வூட்எண்டில் இருந்தார்கள். அண்ணர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்ந்தவர். நுவரெலியா மலைநாடு மாதிரி இருக்கிறது என்று அந்தக் குளிருக்குள் வீடு வாங்கி, சரிவான பின்வளவைக் கல்மதில் கட்டித் தட்டாக்கி, மதிலுக்குள்ளால் குழாய் ஓட்டி, ஸ்பிரிங்ளர் முழுவதையும் தன் கையாலேயே போட்டவர். அவர் நடமாடிய காலத்தில் ஒரு குளிருக்கும் அந்தக் குழாய் வெடிக்கவில்லை. ஏப்ரலில் ஒரு காலை தோட்டத்துக்குள் போவாராம், தேத்தண்ணி ஆறுவதற்குள் திரும்பி வருவாராம். என்ன செய்தார் என்று யாரும் கேட்டதில்லை.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: ஓம். பசிக்குதோ, ஓம். பசிக்கேல்லையோ, ஓம்.

"கலியாணம் கட்டின நாள் துடக்கம் நான் என்ன கேட்டாலும் இல்லை எண்டு சொன்ன மனுசன், தம்பி," என்றா புஷ்பம் அக்கா. "இப்ப எல்லாத்துக்கும் ஓம். காஞ்சிபுரம் சீலை கேப்பமோ எண்டும் யோசிச்சனான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. ஆனால் சங்கதி சிரிப்பாக இல்லை. அவர் விழுந்த பிறகு வந்த இரண்டு குளிர்காலங்களிலும், மதிலை விட்டு வெளியே வரும் இடத்தில் குழாய் வெடித்துவிட்டது. இரண்டாம் முறை தண்ணீர் குசினிக்குள் வந்து, அக்கா வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டா. மகன் சுதன் சிட்னியில், கிரவீனில் இருக்கிறான். ஒவ்வொரு முறையும் வேலையை விட்டுப் பறந்து வந்தவன். அவன் போனில் என்னிடம் சொன்னான்:

"அங்கிள், நான் வில்லன் இல்லை. அப்பாவுக்கு அந்த கார்டன் என்னெண்டு எனக்குத் தெரியும். பட், இன்னொருக்கா வெடிச்சா அவ்வளவுதான். எல்லாத்தையும் இடிச்சு பேவிங் கல்லுப் போட்டு வித்திட்டு, ரெண்டு பேரையும் இஞ்ச யூனிற்றுக்குக் கூட்டிக்கொண்டு வந்திடுவன்."

அவன் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் ஞானம் அண்ணர் காலையில் எழுந்ததும் போய் உட்காரும் ஒரே இடம் அந்தத் தோட்டத்தைப் பார்த்த கதிரைதான். மூன்றாம் மாடி யூனிற்றில் அவர் எதைப் பார்த்து உட்காருவார்?

நான் போய்ப் பார்த்தேன். குழாயின் மிகத் தாழ்ந்த பகுதி கல்மதிலுக்குள் சீமெந்து பூசிக் கிடந்தது. மதிலை உடைக்காமல் அங்கே புதிதாக வடிகால் வைக்க முடியாது. உடைத்தால் தோட்டமே போய்விடும். பழைய பொருத்துகளுக்குக் காற்றைப் பலமாக அடிக்க முடியாது. மெல்ல அடித்தால் தண்ணீர் ஏறி ஏறித் திரும்பவும் அதே பள்ளத்தில் வந்து படுத்துக்கொண்டது. ஆனால் அண்ணர் எப்படியோ வடித்திருக்கிறார். எங்கேயோ ஒரு வடிகால் வால்வை வைத்திருக்கிறார். அது மண்ணுக்குள் கிடக்கிறது. அவருக்கு மட்டும் தெரியும். அவர் வெயில் படும் விறாந்தையில், குரங்குத் தொப்பியும் போர்வையுமாகக் கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரிடம் கேட்டேன்.

"அண்ணை, இந்த வேலிப் பக்கமோ?"

"ஓம்."

வெட்டினேன். ஒன்றுமில்லை.

"அப்ப, இந்த ரோசாவுக்குக் கீழையோ?"

"ஓம்."

ரோசாவையும் கிளப்பினேன். மண்புழு இருந்தது. படிக்குப் பக்கத்தில்? ஓம். தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே? ஓம். பெரிய தொழில்காரன் அல்லவா, பாடப் புத்தகத்தில் உள்ளபடி எங்கெங்கே தாழ்வாகத் தெரிந்ததோ அங்கெல்லாம் போய்க் கேட்டேன். அவரும் முகம் சிவக்கச் சிவக்க ஓம் சொன்னார். கடைசியில் அந்தக் கண்களில் இருந்தது என்ன என்று அப்போது நான் பார்க்கவில்லை. மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் டெனிஸ் வந்துவிட்டா. சின்ன வேலை, பத்து மணிக்குத் திரும்பிவிடுவேன் என்று நான் சொல்லியிருந்தேன். ஆளைக் காணவில்லை என்று தேடி வந்தவ, வேலியில் கை வைத்து நின்று வளவைப் பார்த்தா.

"ரைட்டோ," என்றா. "வொம்பற்றைப் பிடிச்சாச்சோ, இல்லாட்டி இன்னும் உள்ளுக்கோ?"

வொம்பற் என்பது இந்த நாட்டில் மண்ணைத் தோண்டிக்கொண்டே போகும் கொழுத்த பிராணி. என் முகத்தைப் பார்த்து, வெட்டிய குழிகளைப் பார்த்து, பிறகு விறாந்தையில் இருந்தவரைப் பார்த்தா. நான் நடந்ததைச் சொன்னேன்.

"அந்த மனுசனுக்கு ஓம் மட்டும்தான் வரும். அது தெரிஞ்சுகொண்டு ஓமுக்குரிய கேள்வியாக் கேட்டுக்கொண்டு நிக்கிறாய். நான் முதல் வருசம் உன்னட்டைக் கேட்ட மாதிரி." பிறகு வானுக்குப் போனா. பிஸ்கற் பெட்டி வந்தது.

நான் பிஸ்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கேட்பதை நிறுத்தினேன். வேறென்ன செய்வதென்று தெரியாமல், குழிகளில் ஊறி நின்ற சேற்றுத் தண்ணீரை வாளியில் அள்ளி, கொண்டுபோய் வாசலில் கழிவுநீர் ஓடும் கானுக்குள் ஊற்றினேன்.

விறாந்தையில் ஊன்றுகோல் டக் டக்கென்று நிலத்தில் அடிபட்டது.

"ஓம்! ஓம்! ஓம்!"

அது ஓமே இல்லை. அப்படி ஒரு கோபம். இடது கையால் கானைக் காட்டி, பிறகு கொட்டிலுக்குப் பின்னால் இருந்த மூலையைக் காட்டினார். திரும்பத் திரும்ப.

"அங்கை ஊத்தட்டாம், தம்பி," என்று புஷ்பம் அக்கா குசினிக்குள் இருந்து சத்தம் வைத்தா. "உதுதான் எந்த நாளும் சண்டை. கோப்பை கழுவின தண்ணியைக் கூடக் கானுக்கை விடேலாது. அந்த மூலைக்கை கொண்டுபோகோணும்."

"அங்கை என்ன நிக்குது, அக்கா?"

"இப்ப ஒண்டுமில்லை. வாழை. பனிக்கு ஒவ்வொரு வருசமும் சாகும். அந்தாள் விடமாட்டார்."

வாளி என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடுகளில் கிணற்றடித் தண்ணீர் எங்கே போகும்? குளிக்கிற தண்ணீர், உடுப்புத் தோய்க்கிற தண்ணீர், கால் கழுவுகிற தண்ணீர், எல்லாம் ஒரு சின்ன வாய்க்காலால் ஓடி வாழைக்குத்தான். யாரும் யோசித்துச் செய்வதில்லை. தண்ணீர் என்றால் வாழைக்குப் போகும், அவ்வளவுதான். கோப்பை கழுவிய தண்ணீரையே கானுக்குள் விட மனம் வராத மனுசன், வருடா வருடம் ஒரு குழாய்த் தண்ணீரை எங்கே விட்டிருப்பார்? இது என் வீட்டு வழக்கம். என்னிடம் இருந்தது. நான் அதை விட்டுவிட்டுப் புத்தகத்தில் தாழ்வான இடம் தேடிக்கொண்டிருந்தேன். அந்த மூலை பார்வைக்கு மேடாகத் தெரிந்தது. வாழைக்கு மண் அணைத்து அணைத்து மேடாக்கி வைத்திருந்தார் அண்ணர். பள்ளம் அந்த மேட்டுக்கு அடியில்தான்.

ஓடினேன். சாக்கு சுற்றிய கறுத்த வாழைக்கட்டைக்குப் பின்னால் கையாலேயே மண்ணை விலக்கினேன். கொஞ்ச ஆழத்தில் கவிழ்த்து வைத்த ஒரு ஐஸ்கிரீம் பெட்டி தட்டுப்பட்டது. எங்கள் வீடுகளில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. பெட்டியைத் தூக்கினேன். உள்ளே, பாண் வந்த பொலித்தீன் பை சுற்றி, றப்பர் வளையம் போட்டு, பளிச்சென்று ஒரு பித்தளை வால்வு.

திறந்தேன். முதலில் ஒரு இருமல். பிறகு ஒரு விக்கல். பிறகு மதிலுக்குள் கிடந்த தண்ணீர் முழுவதும் மண்ணிறமாகக் குபுகுபுவென்று வந்து, யாரோ முன்பே வெட்டி வைத்த சின்ன வாய்க்காலால் வளைந்து போய், செத்துப்போன வாழையின் அடியைச் சுற்றி நின்றது. டெனிஸ் ஸ்குருடிரைவரை மதிலில் வைத்துக் காதைக் கொடுத்தா. வெகுநேரம் கேட்டா. கட்டைவிரலை உயர்த்தினா.

எனக்கு வந்த சந்தோசத்தில், தண்ணீர் நின்றதும் கைப்பிடியை ஒரே திருப்பில் முழுக்கப் பூட்டிவிட்டு எழுந்து, சேற்றுக் கைகளைத் தூக்கிக்கொண்டு விறாந்தையைப் பார்த்துக் கத்தினேன்:

"அண்ணை, எல்லாம் முடிஞ்சுது! இனிச் சரிதானே?"

திரும்பவும் அதே கேள்வி. ஓமுக்குரிய கேள்வி. திருந்தாத ஜென்மம்.

ஞானம் அண்ணர் என்னைப் பார்த்தார். வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"இ... இல்லை."

குசினியில் ஏதோ விழுந்து உடைந்தது. புஷ்பம் அக்கா கையைச் சேலையில் துடைத்தபடி வாசலில் வந்து நின்றா. அண்ணர் அவவைப் பார்க்கவில்லை. தன் இடது கையை முன்னே நீட்டி, உள்ளங்கையைப் படுக்கையாகவும் இல்லாமல் செங்குத்தாகவும் இல்லாமல், பாதியில், சரிவாகப் பிடித்துக் காட்டினார்.

"இல்லை," என்றார் மறுபடியும், இந்த முறை தெளிவாக.

டெனிசுக்குத் தமிழ் தெரியாது. அந்தக் கை விளங்கியது. என்னைத் தாண்டிப் போய்க் குனிந்து, நான் பூட்டிய கைப்பிடியைப் பாதிக்குத் திருப்பிச் சரிவாக விட்டா. விறாந்தைப் பக்கம் திரும்பித் தன் கையையும் அதே மாதிரிச் சரித்துக் காட்டினா. அண்ணர் தலையாட்டினார்.

"அவர் என்ன சொன்னவர்?" என்று என்னிடம் கேட்டா.

"இல்லை எண்டவர்."

"இண்டைக்கு உனக்குக் கிடைச்ச முதல் ஒழுங்கான பதில். கேட்டுப் பார், வேலைக்கு வருவாரோ எண்டு. உன்ர இடத்துக்கு."

புஷ்பம் அக்கா அழுதாவா சிரித்தாவா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. "வந்திட்டார்," என்றா. "பழைய மனுசன் வந்திட்டார். இனி எனக்கு ஒரு நாளும் நிம்மதி இல்லை." அண்ணரின் குரங்குத் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, திரும்பவும் போட்டுவிட்டா.

அந்தக் குளிரில் குழாய் வெடிக்கவில்லை. அடுத்த குளிரிலும் இல்லை. இளவேனிலில் சுதன் வந்து, பேவிங் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், வால்வு இருக்கும் இடத்தைப் பல கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு போனான். கறுத்துக் கிடந்த வாழைக்கட்டையின் பக்கத்தில் பச்சையாக ஒரு சுருள் எட்டிப் பார்த்தது. அது குலை போட்டதா என்று கேட்காதீர்கள், அது வூட்எண்ட். அண்ணருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தாள். ஆனால் அவர் அதிகம் பாவித்தது அந்த ஒன்றைத்தான். ஒவ்வொரு ஏப்ரலும் நான் போய் வால்வைத் திறப்பேன். அவர் கதிரையில் இருந்து என் வேலையில் பிழை பிடிப்பார். இல்லை. இல்லை. இல்லை. டெனிசுக்குப் பிறகு எனக்கு வாய்த்த முதலாளி அவர்தான்.

இந்த ஏப்ரலில் நான் போகவில்லை. நான் புறப்படுவதற்கு முதல் நாள் அக்கா போன் எடுத்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டா. ஏன் என்று அப்போது சொல்லவில்லை. கோபமோ என்று இரண்டு மாதம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டில் நீரூற்று வந்த அன்று, ஹர்ப்ரீத் போன பிறகு, நான் நனைந்த சாரத்தை மாற்றாமல் வெடித்த வால்வைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, போன் அடித்தது. புஷ்பம் அக்கா.

"தம்பி, இஞ்சை நேற்று முழுக்க வெள்ளை. புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி. விடியக் குழாயைப் பார்த்தனாங்கள், ஒரு சொட்டும் இல்லை. ஏப்ரலில உம்மை வரவேண்டாம் எண்டது ஏனெண்டு தெரியுமோ? அவர் தானே நடந்துபோய், தானே ஐஸ்கிரீம் பெட்டியைக் கிளப்பி, இடக்கையாலை திறந்தவர். குளிர் முடியட்டும், வெடிக்காட்டிச் சொல்லுவம் எண்டிருந்தனாங்கள். இவர்தான் பொறுக்கேலாமல் இப்பவே எடு எண்டு நிக்கிறார். இந்தாரும், கதையும்."

மூச்சுச் சத்தம் கேட்டது.

"அண்ணை, திறந்து வடிச்சியளோ?"

"ஓம்."

"பிறகு முழுக்கப் பூட்டினீங்களோ?"

"இல்லை."

ஓம் வரவேண்டிய இடத்தில் ஓம், இல்லை வரவேண்டிய இடத்தில் இல்லை. நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள் அக்கா போனைத் திரும்ப வாங்கி ஸ்பீக்கரில் போட்டுவிட்டா.

"உங்கை என்ன மாதிரித் தம்பி? உம்மட வீட்டுக் குழாயைச் சரிவா விட்டனீரோ?"

நான் கையில் இருந்த பிளந்த பித்தளையைப் பார்த்தேன். யன்னலுக்கு வெளியே புல்லில் நின்ற தண்ணீரைப் பார்த்தேன். வசந்தி இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம், அக்கா," என்றேன்.

போனுக்குப் பின்னால், தூரத்தில், கதிரையில் இருந்து ஒரு குரல் கேட்டது. ஆறுதலாக, அழுத்தம் திருத்தமாக.

"இல்லை."